ஊசி போடாத நர்ஸ்

குழு: தாத்தா ஆஸ்பத்திரி விவரம்

அத்தை (6:05): ராத்திரி சின்ன அண்ணன் அனுப்பிய செய்தியை இப்போதுதான் பார்த்தேன். அப்பா எப்படி இருக்கிறார்? யாராவது பதில் போடுங்கள்.

சித்தப்பா (6:11): தூங்குகிறார். மருந்து எதுவும் இல்லாமல், தானாகவே தூங்குகிறார். நான்தான் இன்னும் கண்ணை மூடவில்லை. கொஞ்சம் பெரிய கதை, டைப் செய்கிறேன்.

பெரியப்பா (6:14): டாக்டர் சொன்ன ஊசியை ஒரு நர்ஸ் போடவில்லை என்று எழுதியிருக்கிறாய், உண்மையா? இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ரெண்டு நாள்கூட ஆகவில்லை, கட்டிலை விட்டு இறங்கி விழுந்தால் யார் பொறுப்பு? நிர்வாகத்துக்குப் புகார் எழுதப் போகிறேன். அந்தப் பொண்ணு பேர் என்ன?

சித்தப்பா (6:15): அண்ணா, முழுசாகப் படித்துவிட்டு எழுது.

சித்தப்பா (6:31): நேற்று மதியம் சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள். சாயங்காலம் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். 11 மணிக்கு மேல் ஆரம்பித்தது. இது எந்த இடம், யார் என்னை இங்கே கொண்டுவந்தது, நான் எழுந்து போக வேண்டும், விடுங்கள் என்று ஒரே பிடிவாதம், டிரிப்ஸ் ஊசியை இழுத்ததில் போர்வையெல்லாம் ரத்தம், என்னைப் பார்த்தே நீ யார் என்கிறார். டூட்டி டாக்டர் வேறு வார்டில் ஒரு எமர்ஜென்சியில் இருந்தார். போனிலேயே தூக்க ஊசி சொல்லிவிட்டு, அடங்காவிட்டால் கையைக் கட்டுங்கள், அதற்கு வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்றிருக்கிறார். படிவமும் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த நர்ஸ் குறுக்கே வந்து, "சார், கொஞ்சம் பொறுங்க, சாயங்காலம் வரைக்கும் தெளிவா பேசினவர் திடீர்னு இப்படி ஆனா உள்ளே ஏதோ காரணம் இருக்கும், அதைப் பார்க்காம தூங்க வைக்க எனக்கு மனசு வரல" என்றார்.

அத்தை (6:33): அப்புறம்?

சித்தப்பா (6:42): பெரிய விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டு, மேஜை இழுப்பறையில் கிடந்த காது மிஷினையும் வைத்துவிட்டார். ஆபரேஷனுக்குக் கழற்றியதை யாரும் திரும்ப வைக்கவே இல்லை. "ஐயா, இது ஆஸ்பத்திரி, இப்போ ராத்திரி, உங்க பையன் பக்கத்துலதான் இருக்கார்" என்று ரெண்டு மூன்று தடவை நிதானமாகச் சொன்னார். அப்பா குரல் பாதியாக இறங்கியது. சர்க்கரை, ஆக்சிஜன், காய்ச்சல் எல்லாம் பார்த்துவிட்டு, குழாய் எடுத்த பிறகு எவ்வளவு சிறுநீர் போனார் என்று கேட்டார். விரிப்பு ரெண்டு தடவை நனைந்ததே, போய்க்கொண்டுதானே இருக்கிறார் என்றேன். "அதுதான் சார் எனக்குச் சந்தேகமே" என்று அடிவயிற்றில் லேசாகக் கை வைத்தார், அப்பா துடித்துவிட்டார். கீழ் மாடியிலிருந்து ஒரு ஸ்கேன் மிஷினைக் கொண்டுவந்து வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பைக்குள் 800 மில்லிக்கு மேல்!

அக்கா (6:44): ஐயோ தாத்தா.

அக்கா (6:53): டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், இருந்தாலும் ஒரு நர்ஸாக இதைச் சொல்லியாக வேண்டும். 400, 500 மில்லி சேர்ந்தாலே நமக்கெல்லாம் உட்கார முடியாது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகும், வலி மருந்தாலும், மலச்சிக்கலாலும், வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கியிருப்பதாலும் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். பை நிரம்பி வழிகிறபோது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், பார்க்கிறவர்கள் போகிறார் என்றே நினைப்பார்கள். எழுந்து போக வேண்டும், விடுங்கள் என்று தாத்தா கத்தினாரே, அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு ஆள்தான் அதைக் காதில் வாங்கியிருக்கிறார்.

பெரியப்பா (6:58): சரி, கண்டுபிடித்தாள், நல்லது. அதற்காக டாக்டர் சொன்னதைச் செய்யாமல் இருக்கலாமா? நாளைக்கு எல்லா நர்சும் இப்படி அவரவர் இஷ்டத்துக்கு ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி எப்படி நடக்கும்?

அக்கா (7:04): அப்பா, அவங்க இஷ்டத்துக்கு எதுவும் செய்யலையே. மருந்தை மாற்றினாங்களா, தானா வேற மருந்து குடுத்தாங்களா? நிறுத்தி வைத்து, வந்து பாருங்க என்று கூப்பிட்டிருக்காங்க. அது அவங்க வேலைதான். தப்பான மருந்து என்று தெரிந்தும் போட்டுவிட்டு, டாக்டர் சொன்னார் போட்டேன் என்று என் நர்ஸ் ஒருத்தி என்னிடம் சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சித்தப்பா, போனில் எப்படிப் பேசினாங்க, கேட்டீங்களா?

சித்தப்பா (7:13): பக்கத்திலேயே நின்றேன். முதல் தடவை டாக்டர், சொன்ன ஊசியைப் போடுங்கள் என்று வைத்துவிட்டார். ரெண்டாவது தடவை இவர் குரலை உயர்த்தவே இல்லை. இன்ன படுக்கை, இன்ன நோயாளி, புதிதாகக் குழப்பம். ஆபரேஷன் இன்ன நாள், குழாய் மதியம் எடுத்தது. ஸ்கேனில் இவ்வளவு இருக்கிறது, அடைப்பு என்று நினைக்கிறேன். குழாய் போட ஆர்டர் வேண்டும், நீங்கள் வந்து பார்க்க வேண்டும், அதற்கு முன் தூக்க ஊசி போடுவது பாதுகாப்பாகத் தெரியவில்லை. இவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இல்லை. வர முடியாவிட்டால் சொல்லுங்கள், பெரிய டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று கடைசியில் சேர்த்தார். வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான், அவரும் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தவர். குழாய் போட்ட அரை மணி நேரத்தில் அப்பா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அக்கா (7:19): நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. இந்த வரிசையை நாங்கள் மனப்பாடமாக வைத்திருப்போம். முதலில் அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்த முறை, பிறகு ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்க இங்கிலாந்தில் 2017ல் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் பட்டியலில் புதிதாக வந்த குழப்பம் ஒன்றுக்கே 3 மதிப்பெண், அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் மதிப்பெண்ணே கிடையாது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காக.

பெரியப்பா (7:22): கையைக் கட்டியிருந்தால் விழாமலாவது இருப்பார் இல்லையா?

அக்கா (7:26): கட்டினால் இன்னும் திமிறுவார் அப்பா. காரணம் உள்ளேயே இருக்கும், தோலில் காயம் வரும், கட்டிலோடு இழுபடுவார். தூக்க ஊசியும் இந்த வயசில் குழப்பத்தைக் கூட்டலாம். அமைதியாகக் கிடப்பார், பை மட்டும் நிரம்பிக்கொண்டே இருக்கும். காலையில் எல்லோரும் ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்று எழுதியிருப்போம்.

அத்தை (7:28): (படம்) செவிலியர் தேவதைகள், அவர்கள் பாதம் பணிவோம் 🙏🙏🌸

அக்கா (7:29): அத்தை, தயவுசெய்து இந்தப் படத்தை மட்டும் வேண்டாம். தேவதைக்குச் சம்பள உயர்வு தேவையில்லை, ராத்திரியில் கூட ஒரு ஆள் வேண்டும் என்றும் கேட்காது. அதனால்தான் எல்லோருக்கும் இந்தப் படம் பிடித்திருக்கிறது.

அத்தை (7:30): 😄 சரிம்மா, அழித்துவிடுகிறேன்.

தம்பி (7:34): அக்கா, அந்த டாக்டர் வராமலே இருந்திருந்தால்?

அக்கா (7:41): மேலே போக வேண்டியதுதான். பொறுப்பு நர்ஸ், அடுத்து பெரிய டாக்டர், ஒவ்வொன்றையும் நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதிவைத்துக்கொண்டே. உலகச் செவிலியர் கவுன்சிலின் நெறிமுறையே நர்சின் முதல் பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு என்றுதான் சொல்கிறது. பேசுகிற எல்லோருக்கும் அதனால் நல்ல பேர் கிடைத்துவிடாது, மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. வீட்டுக்காரர்களும் பேசலாம். இவர் வழக்கமாக இப்படி இல்லை என்ற ஒரு வரி எங்களுக்கு எவ்வளவு உதவும் தெரியுமா? இங்கிலாந்தில் 2021ல் மார்த்தா என்ற 13 வயதுப் பெண் குழந்தை, பெற்றோர் பயந்து சொன்னதை யாரும் பெரிதாக எடுக்காமல் இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் 2024ல் மார்த்தா விதி என்று கொண்டுவந்தார்கள், குடும்பமே நேரடியாக வேறு மருத்துவக் குழுவைக் கூப்பிடலாம். எல்லா ஊரிலும் அது இல்லை. ஆனாலும் கேட்க யாரும் தடுக்க முடியாது.

பெரியப்பா (7:47): சரி. புகார் எழுதவில்லை.

சித்தப்பா (7:48): அப்போ நன்றி எழுதேன் அண்ணா. உனக்குத்தான் கடிதம் நன்றாக வரும்.

பெரியப்பா (8:02): "நேற்று இரவு என் தந்தையைக் கவனித்துக்கொண்ட செவிலியர் மிகவும் அன்பானவர், அவருக்கு எங்கள் நன்றி." போதுமா?

அக்கா (8:06): அன்பானவர் என்று எழுதினால் ஒரு ஃபைலில் போய்த் தூங்கும். என்ன செய்தார் என்று எழுதுங்க. குழப்பத்துக்குக் காரணம் தேடினார், சிறுநீர் அடைப்பைக் கண்டுபிடித்தார், டாக்டரை ரெண்டு தடவை அழைத்து வரவைத்தார், கட்டிவைப்பதையும் தேவையில்லாத மயக்கத்தையும் தவிர்த்தார். தேதி, நேரம் போடுங்க. வந்து பார்த்த டாக்டருக்கும் ஒரு வரி. யாராவது அந்த நர்ஸைக் கூப்பிட்டு ஏன் உடனே ஊசி போடவில்லை என்று கேட்டால் இந்தக் கடிதம் அவங்க கையில் இருக்கணும்.

பெரியப்பா (8:09): அப்படிக் கேட்பார்களா?

அக்கா (8:10): நீங்களே கேட்டீங்களே அப்பா 🙂

பெரியப்பா (8:24): திருத்தி எழுதிவிட்டேன். தம்பி, நீ அங்கேதானே இருக்கிறாய், அந்தப் பொண்ணு பேரை எழுத்துப் பிழை இல்லாமல் கேட்டு அனுப்பு.

அக்கா (8:27): நான் பஸ் ஏறிவிட்டேன், மதியம்தான் போன் பார்ப்பேன். காது மிஷின் பேட்டரியை யாராவது எடுத்துப் போங்கள். அடுத்து குழாயை எடுக்கும்போது முதல் தடவை எவ்வளவு போகிறார் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள் சித்தப்பா, விரிப்பு நனைந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சித்தப்பா (8:28): சரிம்மா. பேட்டரி என்ன நம்பர்?