ரேஜ்பெய்ட் என்பதா, கொழுவல் என்பதா? கொழும்பில் மூன்று பேர் பேசிக்கொள்கிறார்கள்.

ஜம்பட்டா தெரு:
ஒக்ஸ்போர்ட் அகராதிக்காரர் ஆண்டின் சொல்லாக 2024இல் 'பிரெய்ன் ரொட்' (வெற்றுப் பதிவுகளைப் பார்த்துப் பார்த்து மூளை மழுங்குவது) என்பதையும் 2025இல் 'ரேஜ் பெய்ட்' (வேண்டுமென்றே கோபமூட்டப் போடும் பதிவு) என்பதையும் எடுத்தார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2025க்கு எடுத்தது 'ஸ்லொப்' (ஏஐ கொட்டும் தரமில்லாத சரக்கு). மூன்றையும் நம் பிள்ளைகள் அப்படியே சொல்கிறார்கள். சரி, சொல்லட்டும். ஆனால் பெரியவர்களுக்காகத் தமிழில் எழுதுகிறவர்களும் அதையே எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஆகக்கூடப் பார்வேர்ட் பண்ணுகிறவர்கள் மாமியும் பெரியப்பாவும்தான். "இது ரேஜ்பெய்ட்" என்று நான் எழுதினால் அவர்களுக்கு என்ன விளங்கும்? விடுப்பு (ஊர்வம்பு), புழுகு, அலட்டல், சுத்துமாத்து (ஏமாற்று) என்று நம்மிடம் எத்தனை சொற்கள் இருக்கின்றன! கேட்டவுடனே உறைக்கிற சொற்கள். அவற்றை ஏன் கைவிட வேண்டும்?

கொழும்பு 06:
அக்கா, நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றும் ரேஜ்பெய்ட்டுக்குப் பொருந்தாது. புழுகு என்றால் பொய். இதில் பொய் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் பயணியை ஏசுகிற வீடியோ என்று வையுங்கள். நடந்தது உண்மை. ஆனால் அது எப்போதோ எடுத்தது, முன்பாதியை வெட்டியாகிவிட்டது, மேலே "இதைப் பார்த்தும் சும்மா இருப்பீர்களா?" என்று ஒரு வரி. போட்டவருக்கு வேண்டியது உங்கள் கோபம். நீங்கள் திட்டி எழுதுகிற கொமெண்டையும் தளம் ஈடுபாடாகத்தான் எண்ணுகிறது, அதனால் இன்னும் பத்துப் பேருக்குக் காட்டுகிறது. ரேஜ்பெய்ட் என்ற சொல் போட்டவரின் நோக்கத்தையே பிடித்துக் காட்டுகிறது. விடுப்பு, புழுகு எல்லாம் சரக்கைப் பற்றித்தான் பேசுகின்றன.

இன்னொன்று. என் வேலையிடக் குழுவில் பாதிப் பேர் சிங்கள நண்பர்கள். நான் "விடுப்பு" என்றால் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் "ஆதல்" (சிங்களக் கொச்சையில் ஜாலி) என்றால் எனக்குத் தெரியும், மாமிக்குத் தெரியாது. ரேஜ்பெய்ட் எங்கள் எல்லாருக்கும் பொது. கொழும்பில் இருந்துகொண்டு இதைத் தவறென்று சொல்ல முடியாது.

தெமட்டகொடை நானா:
இரண்டு பேரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் 2018ஐ ஞாபகப்படுத்துகிறேன். பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பியது. கூட்டம் சூழ்ந்து நிற்க, மொழி சரியாக விளங்காத கடைக்காரர் தலையாட்டிய வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. சாப்பாட்டில் இருந்தது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரையே கிடையாது என்றும் மருத்துவர்கள் விளக்கினார்கள். அதற்குள் அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, மார்ச்சில் கண்டிப் பக்கம் திகன எரிந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவில் முடக்கியது. அந்த நாட்களில் நடந்ததற்கு 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த வீடியோவை என்னவென்று சொல்வீர்கள்? புழுகா, ரேஜ்பெய்ட்டா? எனக்கு இரண்டும் காணாது. கொமெண்டுக்காகக் கோபமூட்டுவது ஒன்று, ஊரை எரிக்கக் கதை பரப்புவது வேறொன்று. இரண்டையும் ஒரே கொச்சைச் சொல்லுக்குள் போட்டால் இரண்டாவதும் விளையாட்டாகத் தெரியும். எனக்கு அதுதான் பயம்.

கொழும்பு 06:
நானா, அதை நான் முழுதாக ஏற்கிறேன். அது வெறுப்புப் பிரசாரம், அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதனால் என் வாதம் இன்னும் பலப்படுகிறது. வகை வகையாகப் பெயர் வேண்டும். இணையப் பதிவுகள் பற்றிய 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறது. பொய்யே இல்லாத வெட்டு வீடியோவைப் பற்றி நாம்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஜம்பட்டா தெரு:
வகை வேண்டும் என்பதில் சண்டை இல்லை தம்பி. நோக்கத்தைச் சொல்லும் தமிழ்ச்சொல் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் மறுக்கிறேன். இரண்டு பேரைச் சண்டைக்கு மூட்டி விட்டுத் தள்ளி நின்று பார்க்கிறவரை நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? "கொழுவி விடுகிறான்" என்பார்கள். நோக்கம் அதிலேயே இருக்கிறது. அந்த பஸ் வீடியோவுக்குக் கீழே "இது கொழுவி விடுகிற வீடியோ, கொமெண்ட் போடாதீர்கள்" என்று எழுதிப் பாருங்கள், மாமி உடனே விளங்கிக்கொள்வார்.

ரேஜ் பெய்ட்டும் பிறக்கும்போதே இந்தப் பொருளோடு பிறக்கவில்லை. 2002இல் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களத்தில் அது வந்தபோது, பின்னால் வருகிறவர் லைட் அடித்து வழி கேட்டால் முன்னால் ஓட்டுகிறவர் நடந்துகொள்ளும் விதத்தைக் குறித்தது. ஸ்லொப் 1700களில் சேறு, பிறகு பன்றிக்குப் போடும் மிச்சச் சாப்பாடு, இப்போது ஏஐ கொட்டுகிற படமும் வீடியோவும். அவர்கள் பழைய சொல்லை இழுத்து நீட்டலாம், நாம் குப்பையைச் சொல்லும் 'கஞ்சல்' என்ற சொல்லை நீட்டக் கூடாதா? டித்வா புயல் நேரம் எங்கள் குழுவில் ஏஐ வெள்ளப் படங்கள் வந்தன. "ஏஐ கஞ்சல், அனுப்பாதீர்கள்" என்று போட்டேன். பெரியப்பா அதை அழித்துவிட்டார்.

கொழும்பு 06:
'ஏஐ கஞ்சல்' எனக்கும் பிடித்திருக்கிறது, நாளைக்கே எங்கள் மீம் பக்கத்தில் பாவிக்கிறேன். 'கொழுவல்' அப்படியில்லை. அது நேருக்கு நேர் நடக்கிற சண்டை. முகமே தெரியாத ஆள் எங்கிருந்தோ காசுக்காகச் செய்வதை அது காட்டவில்லை. பணம் வருகிற இடத்தைக் காட்டாத சொல்லை மாமிக்குக் கொடுத்தால், கொழுவி விட்டவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒருவர் என்றுதான் அவர் நினைப்பார்.

தெமட்டகொடை நானா:
தம்பி, அந்தக் காசுக் கணக்கை நீங்களே தமிழில் ஒரு பதிவாக எழுதுங்கள். எத்தனை பார்வைக்கு என்ன வருகிறது, யார் கொடுக்கிறார்கள் என்று. எங்கள் பள்ளிவாசல் குழுவில் நான் பகிர்கிறேன். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள், பக்கத்தில் ஒரு வரி விளக்கம் இருந்தால் போதும்.