புதுப்பிப்பு: கத்தரிப் பாத்தியில் வேர்ப்புழு, நூற்புழு விட்டதன் முடிவு

சமூகத் தோட்டப் பாத்தியில் (2.5 மீ x 1 மீ) வேர்ப்புழு (வண்டின் இளம்புழு) கத்தரி வேரைத் தின்று செடி வாடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. தீர்வு கிடைத்துவிட்டது.

பலித்தது, நூற்புழு (வேர்ப்புழுவைக் கொல்லும் நுண்ணிய புழு) இனத்தை மாற்றச் சொன்ன அண்ணனின் யோசனை. முதலில் விட்ட ஸ்டெய்னர்நீமா ஃபெல்டியே குளிர் மண்ணுக்கானது. நம்மூர்ச் சூட்டுக்குத் தாங்காது. கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1992இல் விவரிக்கப்பட்ட ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகாதான் இங்கே பொருந்துகிறது.

அளவு சதுர மீட்டருக்கு 2.5 லட்சம் நூற்புழு, ஆக இந்தப் பாத்திக்கு 6.25 லட்சம். நூற்புழுப் பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்ததும் ஒரு சொட்டை லென்ஸில் பாருங்கள். நெளியாமல் நேராகக் கிடந்தால் செத்தவை, ஊற்றிப் பயனில்லை. பொழுது சாய்ந்தபின், நனைத்த மண்ணில், பூவாளியால் ஊற்றவும். வெயிலின் புற ஊதாக் கதிர் கொன்றுவிடும். தெளிப்பான் என்றால் உள்ளே இருக்கும் சல்லடையைக் கழற்றிவிடுங்கள், அடைத்துக்கொள்ளும். நூற்புழு அடியில் தங்கிவிடும், அதனால் ஊற்றும்போதே கலக்கிக்கொண்டிருக்கவும். பிறகு இரண்டு வாரம் மண் காயக் கூடாது.

கிளறினால் செங்கல் நிறத்தில் செத்த வேர்ப்புழுக்கள். அழுகல் நோயல்ல, நூற்புழு சுமந்து செல்லும் பாக்டீரியாவின் நிறம். அவற்றை எறியாதீர்கள், அடுத்த தலைமுறை அதிலிருந்துதான் வெளிவரும்.

எதிர்பாராதது: இலையில் ஓட்டை நிற்கவில்லை. இலையைத் தின்னும் வளர்ந்த வண்டுகளுக்கு இந்த நூற்புழு பெரிதாக எதுவும் செய்யாது. அதற்கு வலைதான், கம்போஸ்ட்டைப் புழு நீங்கச் சலித்துப் போடச் சொன்ன அக்காவின் யோசனையும் சேர்த்து.