'அதாண்ணே இது' என்ன வகை விடை?

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

கவின்: சித்தப்பா, நாளைக்குத் தமிழ்த் தேர்வு. வினா ஆறு வகையில் ஐந்து புரிந்துவிட்டது, ஏவல் வினா மட்டும் மண்டையில் ஏறவில்லை. கேள்வி கேட்டு எப்படி வேலை வாங்குவது?

சித்தப்பா: கரகாட்டக்காரன் வாழைப்பழக் காமெடி தெரியுமா? 1989இல் வந்த படம், அப்போது உன் அப்பாவுக்கே மீசை முளைக்கவில்லை. ரெண்டு பழம் வாங்கி வரக் காசு கொடுத்த கவுண்டமணி, ஒன்று மட்டும் வந்ததும் இன்னொன்று எங்கே என்று கேட்கிறார். பழத்தின் விலாசத்தையா கேட்கிறார்? எடுடா வெளியே என்கிறார். அதுதான் ஏவல் வினா. செந்தில் அதை, தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் அறியா வினாவாக எடுத்துக்கொண்டு, அந்த ஒரு பழத்தையே காட்டி "அதாண்ணே இது" என்று அழகாகச் சுட்டு விடை சொல்கிறார். அடி விழாமல் என்ன செய்யும்?

கவின்: 😂😂 இதையே எழுதிவிடவா?

சித்ரா அத்தை: எழுதித் தொலைக்காதே. தக்காளி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகிறாயா என்று எழுது, மார்க் வரும்.

பெரியப்பா: எதற்கு இவ்வளவு சுற்றி வளைத்து? பாட்சாவில் ரஜினி "உள்ளே போ" என்பார், ரெண்டே சொல். 1995இல் தியேட்டரில் பார்த்தேன், எனக்கே எழுந்து உள்ளே போகலாம் போல இருந்தது.

சித்ரா அத்தை: அண்ணா, அதையே படம் தொடங்கிய அஞ்சாவது நிமிஷம் சொல்லியிருந்தால் நீங்கள் பாப்கார்ன் வாங்கத்தான் போயிருப்பீர்கள். கம்பத்தில் கட்டி வைத்து அடித்தபோது வாய் திறக்காத மனுஷன் சொல்கிறார், அதனால்தான் அந்த "போ"வுக்கு அவ்வளவு கனம். தேவர் மகன் கடைசியில் கமல் புள்ள குட்டிகளைப் படிக்க வைங்கடா என்பாரே, அதுவும் அப்படித்தான். அரிவாளைக் கீழே போடுங்கள் என்று சொல்லியிருந்தால் ஒருத்தன் கேட்டிருப்பானா? பழியை நாங்கள் ஏற்கிறோம் என்று நிற்கிறவர்களிடம், கொலை செய்துவிட்டுப் போலீசோடு போகிற ஆள் வேறு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த 'ங்க' மொத்த ஊரையும் கூப்பிடுகிறது, 'டா' வந்து தோளில் கை போடுகிறது.

சித்தப்பா: அக்கா, அதே படத்தில் எதிராளியும் 'டா' போடுகிறான், அவன் யார் தோளிலும் கை போடவில்லை.

சித்ரா அத்தை: அதைத்தானே சொல்கிறேன், யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் கணக்கு.

அம்மா: மழை வருகிற மாதிரி இருக்கிறது. மாடியில் துணி காய்கிறதே, யாராவது பார்த்தீர்களா?

கவின்: அம்மா சூப்பர்! ஏவல் வினா!! இதற்கு நான் "நீயே எடுத்து வா" என்று சொன்னால் அது ஏவல் விடை, சரியா சித்தப்பா?

சித்தப்பா: இலக்கணப்படி சரி. வீட்டில் சொல்லிப் பார்க்காதே.

அம்மா: கவின். மாடிக்குப் போ.

பெரியப்பா: 🔥🔥 பின்னணி இசை கேட்கிறது

கவின்: படியில்தான் இருக்கிறேன் அம்மா