பனிமூட்டத்தில் கட்டிய இஞ்சி வீடு: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

அப்புத்தளையிலிருந்து:

நத்தாருக்கு இஞ்சி பிஸ்கட்டில் வீடு கட்டி டொபி ஒட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். முதலில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

போன டிசம்பர் லீவில் அண்ணன் மகள் எங்களோடு வந்து தங்கியிருந்தாள். ஒன்பது வயது. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாசலில் இப்படியொரு வீட்டைப் பார்த்ததிலிருந்து, "அத்தை, நாமளும் கட்டுவோம்" என்று ஒரே பிடி.

மா பிசைவது பெரிய வேலையில்லை. கோதுமை மா, மார்ஜரின், சீனி, இடித்த சுக்கு, கறுவாப்பட்டை, கராம்பு. வெளிநாட்டுக் குறிப்புகளில் மொலாசஸ் என்று வரும் இடத்தில் கித்துள் பாணி, அதாவது கித்துள் பனையின் பாகு, ஊற்றினேன். பாணி தண்ணியாக இருக்கும். அடுப்பில் நன்றாக வற்றவைத்துத்தான் சேர்க்க வேண்டும். மாவில் போடும் அப்பச்சோடா கூடிவிட்டால் மா பொங்கி ஓரமெல்லாம் வளையும், பிறகு சுவரோடு சுவர் சேராது. காட்போட்டில் சுவரும் கூரையும் வெட்டி, நிறுத்திப் பார்த்துவிட்டு, அதையே அச்சாக வைத்து மாவைக் கால் அங்குலத் தடிப்பில் வெட்டினோம்.

வீட்டில் அவண் இல்லை. நத்தார் கேக் கொண்டுபோகிற மாதிரி தட்டுகளைத் துணியால் மூடி பேக்கரிக்குக் கொண்டுபோனேன். பாண் இறக்கிய பிறகு போறணையில் மிச்சமிருக்கும் சூடு இதற்குப் போதும். வெளியே எடுத்த கையோடு அச்சை மேலே வைத்து ஓரங்களைச் சீவிவிடுங்கள். ஆறிய பிறகு கத்தி வைத்தால் உடைந்துவிடும்.

ஒட்டுவதற்கு ஒரு முட்டை வெள்ளைக்கருவுக்கு 200 கிராம் ஐசிங் சீனி, சில துளி எலுமிச்சைச் சாறு. முதல் நாள் இரவு நான்கு சுவரும் நின்றன. மறுநாள் காலையில் கூரையும் ஏறியது. ஆனால் டிசம்பரில் இங்கே வடகீழ்ப் பருவ மழை. மத்தியானத்துக்குப் பிறகு பனி பள்ளத்திலிருந்து ஏறி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், அலுமாரிக்குள் இருக்கிற உடுப்புகூட ஈரமாகும். ஐசிங் இளகிவிட்டது. அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், சரியும் கூரையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு பிள்ளை அசையாமல் நிற்கிறாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ!

சரி, எல்லாவற்றையும் பிரித்தோம். துண்டுகளை மறுபடி பேக்கரியில் கொடுத்து மெல்லிய சூட்டில் காய வைத்தேன். இந்த முறை ஐசிங்கை நம்பவில்லை. சட்டியில் தண்ணீர் விடாமல் சீனியை உருக்கி, பொன்னிறமானதும் ஓரத்தைத் தோய்த்து ஒட்டினேன். சில நொடியில் கல்லாகப் பிடித்தது. உருகின சீனி கையில் பட்டால் சதையோடு ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் அந்த வேலை பெரியவர்களுக்கு மட்டும்.

டொபியிலும் ஒரு பாடம் படித்தேன். சிவப்பு இனிப்பு ஈரம் குடித்துச் சுவரில் சாயம் வடித்தது. ஈரத்துக்கு ஓரளவு தாக்குப்பிடித்தவை கஜு, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), எள். வேஃபர்ஸை வரிசையாக அடுக்கினால் கூரை அசல் தகரம் மாதிரியே இருக்கும். கண்ணாடி மாதிரி இருக்கும் கெட்டி இனிப்பை அப்படியே ஒட்டாமல் இடித்துத் தூளாக்கி, எண்ணெய்த் தாளில் கிடக்கும் சுவரின் ஜன்னல் ஓட்டையில் நிரப்பி, சில நிமிடம் போறணையில் வைத்தால் உருகி நிறக் கண்ணாடியாகிவிடும். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட 'ஹான்சலும் கிரெட்டலும்' கதையில் வரும் அந்தக் காட்டு வீட்டுக்கும் ஜன்னல் சீனிதான்.

கட்டி முடித்ததும் பிள்ளை வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அத்தை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்காங்க?" என்றாள். அவள் பிறந்து வளர்ந்தது முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில். யாரும் இல்லை, இது தனி வீடு என்றேன். உடனே மிச்ச டொபி எல்லாவற்றையும் எடுத்து, பலகையில் நாலு பக்கமும் இடம் விட்டு வேலி போட்டாள். "இது ஏழு பேர்ச்சஸ். இங்க கரட், அங்க லீக்ஸ்." லயத்தை விட்டுத் தனி வீடு கட்டக் கிடைக்கவேண்டிய காணியைப் பற்றி அண்ணன் தினமும் பேசுகிற கணக்கு அது. அந்த வேலியை நான் தொடவேயில்லை.

ஹட்டனிலிருந்து:

பேக்கரியில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். அக்கா சொன்ன மாதிரி சீனியை உருக்கி ஒட்டினால் உடனே பிடிக்கும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுவரை நிறுத்தும் முன்பே, தட்டில் படுத்திருக்கும்போதே டொபியை ஒட்டி ஒரு இரவு காய விடுங்கள். நிற்கிற சுவரில் ஒட்டினால் கனத்த டொபி எல்லாம் கீழே வழுக்கும். இரவில் வீட்டைப் பெரிய பொலித்தீன் பையால் மூடி, உள்ளே வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் கட்டி வையுங்கள்.

பதுளையிலிருந்து:

எங்களுக்குப் பனியைவிட எறும்புதான் தொல்லை. ஒரே இரவில் கூரை முழுக்க ஏறிவிட்டது. இப்போது பலகையை நாலு கிண்ணத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு கிண்ணத்தையும் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைக்கிறோம்.

அப்புத்தளையிலிருந்து:

தம்பி, அரிசி யோசனைக்கு நன்றி, இந்த வருடம் செய்து பார்க்கிறேன். எங்கள் வீடு தைப்பொங்கல் வரை நின்றது. பொங்கல் அன்று பிள்ளையே கூரையை உடைத்து எல்லோருக்கும் பால் விடாத சாயத்தேத்தண்ணியோடு கொடுத்தாள். வேலியை மட்டும் ஒரு டின்னில் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள்.