கிளப் அறைக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

தாழ்வாரம்:
அடுத்த மாதம் மனைவி, எட்டு வயது மகளோடு மூன்று இரவு ஒரு பெரிய ஹோட்டலில் தங்கப் போகிறோம். சாதாரண அறையே காலை உணவோடு வருகிறது. அதே அளவு அறையைக் கிளப் மாடியில் எடுத்தால் கட்டணம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 'கிளப் லவுஞ்ச் அனுமதி உண்டு' என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு ஏழு மணிக்கு மேல்தான் அறைக்குத் திரும்புவோம். நான் குடிப்பதும் இல்லை. போட்ட பணத்துக்குப் பெறுமா?

கணக்குப்பிள்ளை:
'ஏழு மணிக்கு மேல்' என்று எழுதினீர்களே, எனக்கு அது போதும். வேண்டாம்.

வேலை நிமித்தமாக அடிக்கடி ஹோட்டலில் கிடப்பவன் நான். லவுஞ்ச் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு மாலை இரண்டு மணி நேரத்துக்குப் போகிறது. காலை உணவு, பிற்பகல் தேநீர், நாள் முழுக்கக் காபி, மாலையில் மதுவும் சிறு தீனியும் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. இதில் காலை உணவு உங்களுக்கு ஏற்கெனவே கிடைக்கிறது. பிற்பகலில் நீங்கள் ஹோட்டலிலேயே இருக்கப்போவதில்லை. மிச்சம் இருப்பது மாலை. அது பெரும்பாலும் ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். நீங்கள் குளித்து உடை மாற்றி மாடி ஏறுவதற்குள் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதிலும் குடிக்காதவருக்கு அந்த மாலையில் பாதி கழிந்துவிட்டது.

லவுஞ்சில் காலை உணவு இன்னும் தடபுடலாக இருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. கீழே உணவகத்தில் கண்ணெதிரே சமைத்துத் தருகிற மேசை இருக்கும், வகைகளும் அதிகம். லவுஞ்சில் வகை குறைவு, கூட்டமும் குறைவு. செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். எனக்கு அது பிடிக்கும், உங்கள் மகளுக்குப் பிடிக்குமா தெரியாது.

யாருக்குப் பெறும் என்றால், அறையில் காலை உணவு சேராதவர்களுக்கு, சந்திப்புகளை ஹோட்டலிலேயே வைத்துக்கொள்கிறவர்களுக்கு (ஒன்றிரண்டு மணி நேரம் சிறிய கூட்ட அறையை இலவசமாகத் தரும் லவுஞ்சுகள் உண்டு), மாலையில் வெளியே போகாமல் அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளலாம் என்கிறவர்களுக்கு. சாதாரண அறையைப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தில் ஒரு நல்ல இரவுச் சாப்பாடு சாப்பிடுங்கள்.

ராக்கோழி:
பணம் கட்டாமலும் உள்ளே போகலாமே! மேரியட் ஹோட்டல் குழுமத்தில் வருடத்துக்கு 50 இரவு தங்கி, உறுப்பினர்களுக்கான பிளாட்டினம் படியை எட்டிவிட்டால் லவுஞ்ச் இலவசம், கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். ஹில்டன் குழுமத்தில் டைமண்ட் படி வேண்டும். ஹயாத்தில் 60 இரவு தங்கினால் வரும் குளோபலிஸ்ட் படி. அக்கோரில் பிளாட்டினம்.

கணக்குப்பிள்ளை:
ராக்கோழி, அவர் மூன்று இரவுதான் கேட்டார்! சரி, வந்த பேச்சு வந்துவிட்டது. பிளாட்டினத்தைக் காட்டி ரிட்ஸ்-கார்ல்டன் லவுஞ்சுக்குள் போக முடியாது. மேரியட் குடும்பம்தான், ஆனால் அங்கே கிளப் வேண்டுமென்றால் தனியாகக் கட்டணம் கட்டித்தான் ஆகவேண்டும். இண்டர்காண்டினெண்டலில் உயர்ந்த படியில் இருப்பதால் மட்டும் கதவு திறக்காது. 40 இரவு தங்கிய பிறகு வருகிற பரிசுத் தேர்வுகளில் லவுஞ்ச் உறுப்பினர் உரிமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹில்டன் கோல்டுக்கும் தானாகக் கிடைக்காது, அவர்களாகவே கிளப் மாடிக்கு அறையை உயர்த்திக் கொடுத்தால்தான் உண்டு.

இன்னொன்று. வேறு முன்பதிவுத் தளம் வழியாக அறை எடுத்தால் இந்த உறுப்பினர் சலுகைகளை ஹோட்டல் தரவேண்டிய கட்டாயமில்லை. பணம் கட்டி வாங்கிய கிளப் அறை என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, அது அறையோடு சேர்ந்த உரிமை.

முன்மேசை:
லவுஞ்ச் மேசையில் வேலை பார்ப்பவள் நான். மகளைப் பற்றி யாருமே பேசவில்லையே! மாலை மது நேரத்தில் குழந்தைகளை அனுமதிக்காத ஹோட்டல்கள் நிறைய. பல இடங்களில் பன்னிரண்டு வயதுதான் எல்லை. 'அப்பா மட்டும் உள்ளே, அம்மாவும் பிள்ளையும் அறையில்' என்று வாசலில் நின்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். கிளப் அறை பொதுவாக இரண்டு பேருக்குத்தான் கணக்கு, மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம் என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

நேரம் பற்றிக் கணக்குப்பிள்ளை சொன்னது சரி. முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒவ்வொரு மேசையாகப் போய் 'கடைசியாக ஏதாவது வேண்டுமா?' என்று குனிந்து கேட்போம். அந்தக் கேள்விக்குத்தான் கூட்டமே எழுந்து ஓடும். இரண்டு கையிலும் இரண்டு கிளாஸ், அதற்கு மேல் ஒரு தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அடுத்த நிமிடம் மூடிகளைப் போட்டு எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிவிடுவோம். தாமதமாக வந்தவருக்குக் காபி இயந்திரமும் பிஸ்கெட்டும்தான். அப்புறம், ரப்பர் செருப்பும் நீச்சல் உடையுமாக வராதீர்கள். திருப்பி அனுப்பச் சொல்லும்போது எங்களுக்கே சங்கடம்.

ஆசை இருந்தால், வந்து சேரும் அன்று வரவேற்பில் கேட்டுப் பாருங்கள். கிளப் மாடியில் அறைகள் காலியாகக் கிடந்தால் இணையதளத்தைவிடக் குறைந்த கட்டணத்துக்கே மாற்றித் தருவதுண்டு. கிடைக்கும் என்று நம்பி வரவேண்டாம்.

தாழ்வாரம்:
ஹோட்டலுக்குப் பேசிவிட்டேன். மாலை நேரம் ஐந்தரையிலிருந்து ஏழரை, பன்னிரண்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சாதாரண அறையையே போட்டாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். கடைசி நாள் எங்கள் விமானம் இரவில்தான். கிளப் விருந்தினர் என்றால் அறையைக் காலி செய்த பிறகும் லவுஞ்சில் உட்காரலாமாமே, அது உண்மையா?

முன்மேசை:
சில இடங்களில் விடுவோம், ஆனால் எழுதி வைத்த உரிமை இல்லை. அறை காலி செய்யும் நேரத்தோடு அனுமதி முடிகிறது என்பதுதான் பொது விதி. கூட்டம் இல்லாத நாளில் மேலாளர் கண்டுகொள்ள மாட்டார். உங்களுக்கு அதற்காகக் கிளப் தேவையில்லை. பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் முகம் கழுவ, உடை மாற்ற உடற்பயிற்சிக் கூடத்தின் குளியலறையைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.