வளரும் வயதில் வேகப்பந்து வீச்சு: ஓவர் வரம்பு காப்பா, தடையா?

மைதானத்தான் எழுதியது:
சிறுவர் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு நாளில் இத்தனை ஓவர்களுக்கு மேல் வீசக்கூடாது என்ற விதியில், பயிற்சியாளன் என்ற முறையில் எனக்கு உடன்பாடில்லை. வீசி வீசித்தான் தோளும் முதுகும் உரமேறும். காயத்துக்கு அஞ்சி இன்று உழைப்பைக் குறைத்தால், பெரியவர்களோடு ஆடத் தொடங்கும் நாளில் அந்த உடல் தாங்காது.

இயன்முறையாளர் எழுதியது:
உழைப்பு உடலை உரமாக்கும் என்பதை மறுக்கவில்லை; ஆனால், வளர்ந்து முடிந்த எலும்புக்குப் பொருந்துவது வளரும் எலும்புக்குப் பொருந்தாது. நீள எலும்புகளின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது. அது சுற்றியுள்ள தசைநார்களைவிட வலுக்குறைந்தது என்பதால், பெரியவருக்குச் சுளுக்கோடு போகும் அடி சிறுவனுக்கு எலும்புக் காயமாகிவிடலாம். வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் கீழ்முதுகு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கவும் செய்கிறது. ஓய்வின்றி இது தொடர்ந்தால் முள்ளெலும்பின் பின்பகுதியில் நுண்விரிசல் விழுகிறது. அது பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்திலேயே விழுவதைக் கவனியுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயது வரை உள்ளோருக்குத் தொடர்ச்சியாக 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர் என்று வரையறுத்தது இதனால்தான். பேஸ்பாலிலும், சிறுவர் ஆட்டங்களை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் வீசிய பந்துகளையே எண்ணி வரம்பிடுகிறது.

மைதானத்தான் எழுதியது:
13 வயதுப் பையன்கள் இருவரை அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் குழந்தை போல இருப்பான். இருவருக்கும் ஒரே எண்ணா? மேலும், விடுமுறை முழுவதும் சும்மா இருந்துவிட்டு முதல் வாரத்திலேயே முழுவேகத்தில் வீசுபவன்தான் என் கண்ணெதிரில் அதிகம் காயப்படுகிறான். வரம்பு அவனைக் காப்பாற்றவில்லையே.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:
இருவரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். என் மூத்த மகன் காலையில் பள்ளி அணிக்கும் மாலையில் மன்ற அணிக்கும் வீசினான். இரு பயிற்சியாளர்களும் வரம்பை மீறவில்லை. கூட்டிப் பார்த்தால் இரு மடங்கு. முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்திருந்த இடத்தைத் தொட்டாலே துடித்தவன், அணியில் இடம் போய்விடும் என்று அதை மறைத்தான். உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில், தொடைத் தசையின் நாண் எலும்பில் ஒட்டும் இடத்தை ஓயாமல் இழுப்பதால் வருவது என்றார் மருத்துவர்.

இயன்முறையாளர் எழுதியது:
அம்மா சொல்வதுதான் இவ்விவாதத்தின் நடுப்புள்ளி. மைதானத்தான் ஐயா கூறியபடி வயது மட்டும் போதிய அளவுகோல் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, திடீரென்று கூடினால் அப்பருவத்தில் ஓவர்களைக் குறைக்கலாம். விடுமுறைக்குப் பின் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதிலும் உங்களோடு நிற்கிறேன். வலுவூட்டும் பயிற்சியை நான் எதிர்க்கவே இல்லை: கால்பந்தில் ஃபிஃபா 11+ என்ற சுமார் 20 நிமிட உடல் ஆயத்தப் பயிற்சி, ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்களைக் கணிசமாகக் குறைத்திருக்கிறது. ஆனால் அது ஓய்வுக்கு ஈடாகாது. வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வும், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகலும் வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம்.

மைதானத்தான் எழுதியது:
உயரத்தை அளக்கிறேன். பள்ளி, மன்றம், வலைப்பயிற்சி மூன்றின் ஓவர்களையும் ஒரே ஏட்டில் குறித்து வரச் சொல்கிறேன். ஆனால் இரண்டு மாதம் விலகியவனைத் தேர்வாளர்கள் மறந்துவிடுவார்கள். அதற்கு உங்கள் கழகம் பொறுப்பேற்குமா? நன்றாக வீசிக்கொண்டிருப்பவனிடமிருந்து, எண்ணிக்கை முடிந்தது என்று பந்தைப் பிடுங்கவும் எனக்கு மனம் வராது.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:
அந்த ஏட்டை நான் எழுதித் தருகிறேன், ஐயா. பந்தைக் கையில் கொடுக்கும் முன் நீங்கள் அதைப் படிப்பீர்களா என்பதே என் கேள்வி.