காலையில் 5.1, மதியத்தில் 3.2: தைராய்டு டோஸைக் கூட்டத்தான் வேண்டுமா?

மழைக்குருவி:
வணக்கம். எனக்கு வயது 41. தைராய்டு குறைவுக்காகப் பல ஆண்டுகளாகத் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது 75 மைக்ரோகிராம். சென்ற ஆண்டுப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 3.2. இந்த மாதம் 5.1. மருத்துவர் தாளைப் பார்த்த வேகத்தில் 100 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

உடம்பில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் சோர்வு உண்டு, ஆனால் அது யாருக்குத்தான் இல்லை? எடை அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சென்ற ஆண்டு ரத்தம் கொடுத்தது மதியம் 12.30 மணிக்கு. அன்று காலை எட்டரைக்கு மாத்திரை போட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன். இந்த முறை காலை 7.10, வெறும் வயிறு, மாத்திரை போடவில்லை. ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டற்று இருக்கும் தைராக்சின்) சென்ற முறை 1.5, இப்போது 1.2. இரண்டுமே இயல்பு அளவுக்குள் என்றுதான் அச்சாகியிருக்கிறது. நேர வித்தியாசத்தால் இவ்வளவு மாறுமா? 100 மாத்திரையை இன்னும் வாங்கவில்லை.

விடியல்:
மாறும், சகோதரி. காலையில் டிஎஸ்எச் கூடுதலாகத்தான் காட்டும். என் ஆலோசனை, எப்போதும் காலை ஏழு மணிக்குள் வெறும் வயிற்றில் போய்க் கொடுங்கள். எண் எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அவ்வளவு நல்லது, டோஸைக் குறைக்க மாட்டார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சென்ட்ரிஃபியூஜ்:
ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தே தலை நரைத்தவன் நான், இப்போது பணி ஓய்வு. விடியல் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்குக் கடைசியில் வருகிறேன்.

டிஎஸ்எச் நாள் முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. மாலைக்குமேல் ஏறத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி, நான்கு மணி வாக்கில் உச்சத்துக்குப் போகும். பிறகு காலை முழுவதும் இறங்கிக்கொண்டே வந்து பிற்பகலில் அடியைத் தொடும். சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கும். அதிகாலையில் இருப்பதைவிட மதியத்தில் கால் பங்கு குறைவது சாதாரணம், சிலருக்கு அதற்கும் மேல் குறையும். ஆகவே உங்கள் 3.2-ஐயும் 5.1-ஐயும் எதிரெதிரே வைத்து "ஏறிவிட்டது" என்று சொல்வது நியாயமான ஒப்பீடு அல்ல. நேரத்தை விட்டுத் தள்ளினாலும், எந்த மாற்றமும் இல்லாத ஒருவரின் டிஎஸ்எச் ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் தானாகவே ஆடும். இரண்டு எண்களுக்கு நடுவே ஏறத்தாழ 40 சதவீத வித்தியாசம் இருந்தால்தான் உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று நான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஃப்ரீ டி4 வேறு கதை. மாத்திரை போட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும், 15 முதல் 20 சதவீதம் வரை கூடலாம். நீங்கள் சென்ற ஆண்டு சரியாக அந்த நேரத்தில்தான் ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறீர்கள். அந்த 1.5-இல் காலை மாத்திரையின் பங்கும் இருக்கிறது. டிஎஸ்எச் அப்படி ஒரே மாத்திரைக்குத் துள்ளிக் குதிக்காது. தைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். டிஎஸ்எச் காட்டுவது கடந்த சில வாரங்களின் கணக்கு. டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பரிசோதிக்கச் சொல்வது அதனால்தான்.

பல அறிக்கைகளில் மூன்று நேரங்கள் அச்சாகியிருக்கும்: மாதிரி எடுத்தது, ஆய்வகத்துக்கு வந்தது, அறிக்கை வெளியானது. முதலாவதுதான் உங்களுக்கு வேண்டும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பும் ஆட்கள் உண்டு. அப்போது இயந்திரம் மாதிரி வந்த நேரத்தையே இரண்டு இடத்திலும் போட்டுவிடும். எத்தனை பேருடன் இதற்காகச் சண்டை போட்டிருப்பேன்! ஆகவே ரத்தம் கொடுத்ததும் நேரத்தை நீங்களே குறித்து வையுங்கள், மாத்திரை போட்டீர்களா இல்லையா என்பதையும் சேர்த்து.

விடியலுக்கு: வேண்டிய எண் வருகிற நேரம் பார்த்து ரத்தம் கொடுப்பது மருத்துவரை ஏமாற்றுவது மட்டும் அல்ல. தேவைக்கு மேல் தைராக்சின் ஆண்டுக்கணக்கில் உள்ளே போனால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு தேயும், அதிலும் வயது ஏற ஏற. காலை ஏழு மணி நல்ல நேரம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே நேரம் என்பதால் நல்லது, கூடுதல் எண் தரும் என்பதால் அல்ல.

மழைக்குருவி, ஒரு கேள்வி. சென்ற ஆண்டுக்குப் பிறகு புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா? வைட்டமின், இரும்பு, கால்சியம், வயிற்று எரிச்சலுக்கு ஏதேனும்?

மழைக்குருவி:
விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி, ஐயா. ஆமாம், ரத்தசோகை என்று நான்கு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை. காலையில் தைராய்டு மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து, காபியுடன் விழுங்கிவிடுவேன். அதைக் கொடுத்தவர் வேறு மருத்துவர்.

சென்ட்ரிஃபியூஜ்:
அப்படியென்றால் நான் மேலே எழுதியதில் பாதியைத் திருத்தி எழுத வேண்டும். இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் கலக்க விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அரை மணி நேரம் போதவே போதாது. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே காபி குடித்தாலும் உறிஞ்சுவது குறையும்.

ஆக, உங்கள் 5.1-இல் கடிகாரத்தின் பங்கு கொஞ்சம், இரும்பின் பங்கு கொஞ்சம் என்று ஊகிக்கிறேன். ஃப்ரீ டி4 இறங்கியதிலும் இரண்டுக்கும் இடம் உண்டு. எது எவ்வளவு என்று இந்த இரண்டு தாள்களை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. 75 போதாமல் போகவில்லை, 75 முழுதாக உள்ளே போகவில்லை என்பதாகவும் இருக்கலாம். அந்த நிலையில் 100-க்கு ஏற்றிவிட்டு, பிறகு ரத்தசோகை சரியாகி இரும்பை நிறுத்தினால் என்ன ஆகும்? மொத்த 100-ம் உள்ளே போய்ப் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். அப்போது அதற்கு வேறு ஒரு மருத்துவரைத் தேடுவீர்கள்.

நீங்களாக எதையும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டு அறிக்கைகளையும் இரும்பு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போங்கள். "இரும்பை இரவுக்கு மாற்றிவிட்டு, 75-லேயே இருந்து, எட்டு வாரம் கழித்து இதே நேரத்தில் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவருக்கு இந்த இரும்பு விவரமே தெரிந்திருக்காது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் இப்படிப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. அவர்களுக்குத் தேவை சீக்கிரமே கூடும், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் வேண்டும். டிஎஸ்எச் 10-ஐத் தாண்டியிருந்தாலும் கடிகாரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

இரவுப்பணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் இரவு முழுக்க வேலை செய்து பகலில் தூங்குகிறவன். எனக்கு எது காலை?

சென்ட்ரிஃபியூஜ்:
நல்ல கேள்வி, தம்பி. இரவில் ஏறும் டிஎஸ்எச்சைத் தூக்கம்தான் ஓரளவு அடக்கி வைக்கிறது. இரவு முழுக்க விழித்திருந்தால் அது இன்னும் மேலே போகும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். விடுமுறையில் இரண்டு மூன்று இரவுகள் ஒழுங்காகத் தூங்கிய பிறகு கொடுங்கள், அடுத்த முறையும் அப்படியே. முடியாவிட்டால் இரவு வேலை முடிந்து வந்த ரத்தம் என்பதையாவது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

செம்பருத்தி:
முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்களும் கவனியுங்கள். என் தங்கைக்கு டிஎஸ்எச் அடிமட்டத்திலும் ஃப்ரீ டி4 உச்சத்திலும் வந்து, தைராக்சினையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பயோட்டினை விட்டுவிட்டு மறுபடி பார்த்தால் எல்லாம் இயல்பு.

சென்ட்ரிஃபியூஜ்:
சரியாகச் சொன்னீர்கள், அம்மா. உடம்புக்குள் எதுவும் மாறவில்லை, பரிசோதனை முறைதான் ஏமாந்தது. சில கருவிகளின் வேதிப்பொருளிலேயே பயோட்டின் ஒரு பகுதி. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்த வேண்டும். அளவு மிக அதிகம் என்றால் இன்னும் முன்பே.

டிஎஸ்எச்சைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலேயே கோளாறு உள்ளவர்களுக்கு டிஎஸ்எச் உதவாது, ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான் டோஸ். மாத்திரைக்கு முன்பா பின்பா என்பது அவர்களுக்கு மிக முக்கியம். டி3 என்ற மற்றொரு தைராய்டு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அப்படியே, அது சில மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும்.

மழைக்குருவி:
மருத்துவரைப் பார்த்துவிட்டேன். இரும்பு மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவரே சீட்டை வாங்கி 100-ஐ அடித்துவிட்டார். 75-ஐத் தொடர வேண்டும், இரும்பு இரவில், எட்டு வாரம் கழித்து அதே ஆய்வகத்தில் காலை ஏழு மணிக்கு ரத்தம். அன்றைக்குக் காலை மாத்திரையை விட்டுவிடலாமா, அல்லது போட்டுவிட்டே போகலாமா?

சென்ட்ரிஃபியூஜ்:
இரண்டும் வேண்டாம். மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்ததும் தண்ணீருடன் விழுங்குங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, சாப்பாடு.